அவன் தின்னாத ஆப்பம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்பதுதானே என்பீர்கள். மற்றவர்கள் மரியாதைக்குக் கேட்கிறார்கள். 'ஆச்சு' என்று பதில் வந்ததும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது போதாது. என்ன குழம்பு, புளி ஊற்றியதா தேங்காய் அரைத்ததா, தாளிதத்தில் வெந்தயம் உண்டா, யார் வைத்தது, இவ்வளவும் தெரிந்தாக வேண்டும். என் அக்காள் எனக்குச் 'சட்டியை எட்டிப் பார்க்கிறவன்' என்றே பெயர் வைத்திருந்தாள். இந்தப் பழக்கத்தால் ஒரு குடும்பத்தில் நான் செய்து வைத்த குழப்பத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். நான் எட்டயபுரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அறையில் என்னோடு தங்கியிருந்தவன் நாசரேத்துக்காரன், அதே ஆபீசில் டைப்பிஸ்ட். மூன்றாவது ஆள்தான் இந்தக் கதைக்கு உரியவன். கடற்கரைத் தெருவில் பிறந்தவன். பதினாறு வயதிலிருந்து சங்கு குளித்தவன். முத்துக் குளிப்பு அதற்குள் நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது, சங்குதான் மிச்சம். ஒரு நாள் ஆழத்திலிருந்து மேலே வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. இனிமேல் முங்கினால் காதும் போகும், உயிரும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு துறைமுகத்துக் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலைக்கு வந்தான். தகர அச்சை மூட்டை மேல் வைத்து, கறுப்பு மையைத் தேய்த்து, எந்த ஊருக்குப் போகிற சரக்கு என்று எழுத்து விழச் செய்யவேண்டும். நாள் பூராவும் அதுதான் வேலை.

துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடை. காலை ஆறரை மணிக்கு மூவரும் அங்கே கூடுவோம். ஏழரைக்கு மேல்தான் வேலை. இடையில் ஒரு மணி நேரம் பேச்சு. என்னோடு உட்கார்ந்தால் பேச்சு சாப்பாட்டைத் தவிர வேறெங்கே போகும்? நாசரேத்துக்காரன் டீ குடிப்பதற்குக்கூடக் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவான். அந்த நேரத்துக்குள் அவனுடைய வடை எங்களில் ஒருவர் கைக்கு வந்துவிடும். கண்ணைத் திறந்ததும் "ஆண்டவர் பாத்துக்கிட்டுதான் இருக்காருலே" என்பான். அவனுக்கு உலகத்தில் சாப்பாடு என்றால் ஒன்றுதான், அவன் ஊர்க் கோயில் அசனம். வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே வரிசையாக உட்கார்ந்து, ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் ஒரே கிடாரத்தில் வெந்த குழம்பைச் சாப்பிடுவார்களாம். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்த ஒரு நாளோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதிலேயே அவனுக்குப் போய்விடும். நான் சைவம். நாக்கு எங்கே வேண்டுமானாலும் போக ஆசைப்படும், கை போகாது. அதனால் மீன் குழம்பையும் கறிக் குழம்பையும் காதால்தான் ருசித்தேன். அவர்களைக் குடைந்து குடைந்து கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சங்கு குளித்தவனுக்கு அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து கல்யாணம் ஆயிற்று. பெண் வேம்பார். கல்யாணம் ஆன இரண்டாவது வாரத்திலிருந்து அவன் டீக்கடைக்கு வரும்போது துணியில் கட்டிய அலுமினிய டப்பா ஒன்றும் கூட வந்தது. திறந்தால் ஆப்பம். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று. கூடவே ஒரு சின்னத் தூக்கில் கருப்பட்டி போட்ட தேங்காய்ப்பால். சில நாள் இடியாப்பம், சில நாள் புட்டு. அவன் டப்பாவைத் திறந்து எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, வெறும் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வான்.

"நீ?" என்று முதல் நாள் கேட்டேன்.

"எனக்குக் காலையில எறங்காதுவே. நீங்க தின்னுங்க. மிச்சம் வச்சா அவ மனசு கஷ்டப்படும்."

இந்த மாதிரிக் கஷ்டத்தைத் தீர்த்து வைப்பதில் எங்களுக்கு என்ன தயக்கம்? ஓட்டல் இட்லியைத் தின்று நாக்கு மரத்துப்போன இரண்டு பேச்சிலர்கள். என் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று முதல் ஆப்பத்தின்போது ஒரு நிமிஷம் யோசித்தேன். இரண்டாவது ஆப்பத்தின்போது அதுவும் இல்லை.

தின்று முடித்ததும் அவன் தவறாமல் கேட்பான்: "எப்படிலே இருந்துச்சு? சரியாச் சொல்லு."

நாங்களும் நீதிபதிகள் மாதிரி தீர்ப்புச் சொல்வோம். இன்றைக்கு உப்பு ஒரு கல் குறைவு. பாலில் ஏலக்காய் தூக்கல். புட்டு கொஞ்சம் உலர்ந்துவிட்டது. அவன் வலது காதை எங்கள் பக்கம் திருப்பி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்வான். புது மாப்பிள்ளை, பெண்டாட்டி சமையல் மேல் எவ்வளவு பெருமை என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு நாள் பேச்சு பசியைப் பற்றித் திரும்பியது. யாருக்கு எப்போது நிஜமாகப் பசித்திருக்கிறது என்று நான்தான் ஆரம்பித்தேன். நாசரேத்துக்காரன் ஏதோ விடுதிக் கஞ்சியைப் பற்றிச் சொன்னான். பிறகு சங்கு குளித்தவன் சொன்னான்.

"குளிக்கப் போற அன்னைக்கு வெறும் வயித்தோடதான் போவோம். வயித்துல சோறு கெடந்தா மூச்சு நிக்காது. பாதியிலேயே முட்டிக்கிட்டு மேல வந்துருவோம். காலையில ஒண்ணும் கிடையாது, சாயங்காலம் கரைக்கு வந்துதான் சோறு. சின்ன வயசுலருந்து அப்படியே பழகிப்போச்சு."

"அப்ப கடலுக்கு அடியில பசிக்காதா?"

"அடியில பசியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஒடம்பே இல்லாத மாதிரி இருக்கும். மேல வந்து வள்ளத்து ஓரத்தைப் பிடிக்கும்போதுதான் வயிறுன்னு ஒண்ணு இருக்கதே ஞாபகம் வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "அந்தப் பசிக்குத் தின்ன சோறு மாதிரி இப்ப எதைத் தின்னாலும் இல்லவே."

சரி, பழக்க தோஷம் என்று முடிவு கட்டினேன். எனக்கும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தான் சாப்பாடு இறங்கும். அதுபோல அவனுக்கு இது. கேள்வி கேட்பதில் புலி என்று பெயர் வாங்கிய நான், கடலுக்குப் போவதை விட்டவனுக்கு இன்னும் எதற்கு வெறும் வயிறு என்ற அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது வேறொரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த ஆப்பத்தில் ஒரு புளிப்பு, அதற்குப் பின்னாலேயே ஒரு இனிப்பு. எப்படி வருகிறது? நாசரேத்துக்காரன் சோடா உப்பு என்றான். நான் இளநீர் என்றேன். வாரக்கணக்கில் சண்டை. சங்கு குளித்தவனைக் கேட்டால், "எனக்கு என்னவே தெரியும்? குசினிக்குள்ள அவ என்னை விடமாட்டா" என்பான். அடுப்படியை அவர்கள் குசினி என்றுதான் சொல்வார்கள்.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை, ரேஷன் கடை வரிசையில் அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் போட்ட நாள். கையில் டின்னோடு பெண்கள் வரிசையில், எனக்குக் கொஞ்சம் முன்னால் நின்றாள். கல்யாணத்தன்று பார்த்ததுதான். அவளே அடையாளம் கண்டு, "என்ன அண்ணாச்சி, சுகமா?" என்றாள். பெண்கள் வரிசையும் ஆண்கள் வரிசையும் பக்கத்தில் பக்கத்தில்தான் நகர்ந்தன. என் நாக்கு சும்மா இருக்குமா?

"தங்கச்சி, ஒரு சந்தேகம். அஞ்சு மாசமா கேக்கணும்னு இருக்கேன். ஆப்பத்துக்கு இளநீரா ஊத்துதீங்க?"

சிரித்துக்கொண்டுதான் திரும்பினாள். "உங்களுக்கும் குடுத்தாகளா அவுக?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 'ஆமாம், ஒரு துண்டு' என்று சொல்லியிருக்கலாம். பாராட்டுகிற வேகத்தில், "ஒரு துண்டா? தினம் நாங்க ரெண்டு பேருந்தானே காலி பண்ணுதோம். அவன்தான் காலையில தொடவே மாட்டானே" என்றேன்.

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு இல்லாமல் போயிற்று. "ஒரு வாய்கூடவா?" என்று கேட்டாள்.

"டீயோட சரி."

"கல்யாணம் ஆனதிலேருந்தா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏதோ சமாளித்தேன். அவள் கேட்கவில்லை. டின்னையும் ரேஷன் கார்டையும் வரிசையிலேயே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவளுடைய டின்னிலும் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு டின்னோடு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "இப்பதான் வேம்பாருக்கு பஸ் ஏறப் போனா. அழுதுகிட்டே போறாளே, என்ன வெவரம்?" என்றாள். டின்னையும் கார்டையும் அந்த அம்மாவிடமே ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன். ஆபீசில் அன்று நான் எழுதிய ஒரு பில்லாவது சரியாக இருந்திருக்காது.

மறுநாள் டீக்கடைக்கு அவன் வெறுங்கையோடு வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் அடிக்கவில்லை.

"என்னன்னு கேட்டீரு?"

"ஆப்பத்துக்கு இளநீரான்னு."

ஒரு சிரிப்பு வந்தது அவனுக்கு. அது பாதியில் நின்றுவிட்டது. "போச்சுவே" என்றான்.

எனக்கும் நாசரேத்துக்காரனுக்கும் விஷயம் எளிதாகத் தெரிந்தது. ஆசையாகச் சுட்டுக் கொடுத்ததைக் கட்டியவன் தின்னாமல் ஊராருக்குக் கொடுத்திருக்கிறான். எந்தப் பெண்ணுக்குத்தான் ரோஷம் வராது? நேரில் போய், குற்றம் எங்களுடையது, சமையலில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் சரியாகிவிடும். அந்த வாரத்திலேயே ஒரு விடுமுறை வந்தது. ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு, மூவரும் முதல் பஸ்ஸில் வேம்பாருக்குக் கிளம்பினோம். சமாதானத்துக்கு இனிப்பு என்பது நான் எடுத்த முடிவு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உப்பளங்கள் தாண்டும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தான். நான் அவனைத் தேற்றுவதற்காக, "சாப்பாட்டு விஷயந்தானே, விடு" என்றேன்.

"சாப்பாட்டு விஷயமா?" என்று என்னைப் பார்த்தான். "அவ அய்யா யாரு தெரியுமாவே? சங்கு குளிச்சவரு. ஒரு நாள் முங்கினவரு மேல வரல. கடல்ல எறங்கவே மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்த பொறவுதான் எனக்குப் பொண்ணு தந்தாக."

எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. சத்தியம் பண்ணிக் கொடுத்தாயிற்று, கிடங்கில் வேலையும் பார்க்கிறான், பிறகு என்ன? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அவள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து எங்களை உட்காரச் சொன்னது அவளுடைய அம்மா. அவள் குசினி வாசற்படியில் வந்து நின்றாள். நான் தயாராக வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். தங்கச்சி கைக்கு ஈடு கிடையாது, அவனுக்குக் காலையில் பழக்கம் இல்லை, அவ்வளவுதான், வேறு ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று.

"கருப்பட்டி பத்தலன்னு சொன்னது யாரு, நீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"போன மாசம் வந்து சொன்னாக, பாலுல கருப்பட்டி பத்தலன்னு. மறுநாள் கூடுதலாப் போட்டேன். இன்னைக்குச் சரியா இருந்துச்சுன்னாக. அதைச் சொன்னது யாரு?"

நாசரேத்துக்காரன் தலையைக் குனிந்தபடி, "நாந்தாம்மா" என்றான். சங்கு குளித்தவன் ஏன் தினமும் அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டான் என்பது எனக்கு அந்த முற்றத்தில்தான் விளங்கியது. எங்கள் நாக்கை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் தன் நாக்கு என்று காட்டியிருக்கிறான்.

அவள் எங்களை விட்டுவிட்டு அவனைப் பார்த்துப் பேசினாள். "குளிப்பு நாள்ல எங்க வீட்டுல காலையில அடுப்பு பத்தாது. அய்யா வெறும் வயித்தோட போவாக. சாயங்காலத்துக்கு அம்மா உலை வச்சுட்டு இருப்பா. அய்யா திரும்பி வராத அன்னைக்கு உலை கொதிச்சு, தண்ணி வத்தி, பானை தீஞ்சுபோச்சு. அதுக்குப் பொறவு இந்த வீட்டுல விடியுமுன்னே அடுப்பு பத்திரும். காலையில ஒரு வாய் தின்ன மனுசன் அன்னைக்குத் தண்ணிக்குள்ள எறங்க மாட்டான். அது எனக்குத் தெரியும். அதுக்குத்தான் தினம் சுட்டுக் குடுத்தேன். நீங்க தின்னீகன்னுதான் நிம்மதியா இருந்தேன்."

அவன் நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பு மையைச் சுரண்டினான்.

"பேர் குடுத்தாச்சா?" என்று கேட்டாள்.

சங்கு குளிப்புத் தொடங்கும் முன்னால் குளிக்க வருகிறவர்களின் பெயரை எழுதுவார்கள். அது எனக்கும் தெரியும். அவன் இல்லை என்று தலையாட்டுவான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"குடுத்திருக்கேன்" என்றான்.

அவளுடைய அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாக, ஒரு நாள் தவறாமல், அவன் தன்னைக் கடலுக்குத் தயாராக வைத்திருந்திருக்கிறான். அதற்கு உதவி செய்தது நாங்கள். விரலைச் சூப்பி, சப்புக்கொட்டி, உப்புக் குறைவு சொல்லி.

"கிடங்குல நான் என்ன செய்யுதேன், எழுத்துக்கு மை தடவுதேன்" என்றான் அவன். "யாரு வேணும்னாலும் தடவலாம். அடியில அப்படி இல்ல. காலையில தின்னுட்டேன்னா அம்புட்டுத்தான், அதோட முடிஞ்சுபோச்சு. அதான் தின்னல. உன் சாப்பாட்டை வெறுத்து இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

உள்ளே போனாள். சட்டியில் மாவு ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு தட்டில் இரண்டு ஆப்பத்தை வைத்துக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சாப்பிடு என்று சொல்லவில்லை, கெஞ்சவில்லை. வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மணி எட்டுகூட ஆகியிருக்காது. நானும் நாசரேத்துக்காரனும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தச் சாப்பாட்டையும் நான் அவ்வளவு நேரம், பசியே இல்லாமல் பார்த்ததில்லை.

அவன் ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்தான். பிய்த்ததைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு வாயில் போட்டான். மென்று விழுங்க முடியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்து இறக்கினான். அடுத்த துண்டைப் பிய்த்தான். இரண்டு ஆப்பமும் முடிய அரை மணி நேரம் ஆகியிருக்கும். முடிந்ததும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குசினிக்குள் நுழையப் போனவள் நின்று என்னைப் பார்த்து, "இளநீர்தான் அண்ணாச்சி. முந்தின நாளே வெட்டி எடுத்து வச்சு, புளிச்ச பொறவு ஊத்தணும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஐந்து மாதமாகத் தெரிந்துகொள்ளத் துடித்த விஷயம், அதற்கு மேல் ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை.

பெயரை எடுத்துவிட அவன் மறுநாளே போய்விட்டான். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். அதற்கடுத்த வாரம் அவளும் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் வந்த மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் பழையபடி ஓட்டல் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் டப்பா இல்லாமல் வந்தான். எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னான். நாசரேத்துக்காரன் ஜெபம் பண்ணிக் கண்ணைத் திறந்தபோது அவன் வடை இருந்த இடத்திலேயே இருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒருவரைப் பார்த்து நான் அதைக் கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அவனே சொன்னான். "நாலு தின்னேன். வயிறு கனமா இருக்குவே."

டீயைக் கையில் வாங்கி, குடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"எப்படி இருக்குன்னு கேட்டா. கருப்பட்டி கூடிப்போச்சுன்னு நானே சொன்னேன்."